சீல் இருக்கிறது என்று நம்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்காதீர்கள்

பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். நான்கு வருடமாக ஒரு சாதாரண யூஎஸ்பி மைக்கில்தான் ஓடியது. பரீட்சை நேரத்தில் ஒரு பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரம் கூட ஹெட்போனில் என் குரலைக் கேட்கும். பின்னால் 'ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருந்தால் பாடமா மனதில் நிற்கும்? அதனால் காசு சேர்த்து முதலில் ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை) வாங்கினேன். அப்புறம் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்க, போன மாதம் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் சொன்னது, "மேடம், இது 192 கிலோஹெர்ட்ஸ்." ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறது என்பது அந்தக் கணக்கு; ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பது பிட். பேச்சுக் குரலுக்கு 192 தேவையே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைத் தடத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு எட்டரை எம்பி வரும். 192-ல் பதிந்தால் அதுவே நான்கு மடங்கு, கேட்கிற காதுக்கு வித்தியாசம் தெரியாது. 24 பிட் மட்டும் உண்மையிலேயே உதவும்; குரல் கொஞ்சம் சின்னதாகப் பதிந்துவிட்டாலும் பிறகு பெரிதாக இரைச்சல் சேராமல் தூக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கேட்க வேண்டிய வேறு கேள்விகளைக் கேட்காமல் விட்டேன்.

விலை 16,500 ரூபாய். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 சதவீதம் மேல வரும் மேடம்" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. யூபிஐயில் பணம் அனுப்பிவிட்டு, அவர் கையால் எழுதித் தந்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டேன். பெட்டியில் சீல் இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் பதிவு செய்யப் போனால், 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று வருகிறது. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பே வேறொருவர் பெயரில் பதிவான கருவி, வாரண்டி உங்களுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததைப் புதுப்பெட்டியில் போட்டு, புது சீல் ஒட்டி, புது விலைக்கு என்னிடம் விற்றிருக்கிறார்கள். அடியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு திருகில் ஒன்றின் தலை தேய்ந்து பளபளத்தது. கடையில் நின்றபோதே பார்த்திருக்கலாம்.

பழையதாக இருந்தாலும் ஒழுங்காக வேலை செய்தால் இவ்வளவு மனசு வெந்திருக்காது. தணிந்த குரலில் வாசித்தால் சரியாகப் பதிந்தது. கதையில் ஒரு பாத்திரம் கத்துகிற இடம் வந்ததும் குரல் உடைந்து கரகரத்தது. எங்கள் ஊரில் டிவி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும், ஃபான்டம் பவர் என்பது அதுதான். நான்கு வோல்ட் முன்பின் இருக்கலாம். அவர் மைக் சொருகும் துளையில் ஒன்றாவது பின்னுக்கும் இரண்டாவது பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தார். 31 காட்டியது. லேப்டாப்பின் யூஎஸ்பிதான் காரணமோ என்று வேறு கம்ப்யூட்டரிலும் மாட்டிப் பார்த்தோம். அதே 31. மைக்குக்கு வோல்ட் போதாததால்தான் கத்துகிற இடத்தில் குரல் உடைந்திருக்கிறது. "அக்கா, இங்க பாருங்க" என்று மூடியைக் கழற்றிக் காட்டினார். யூஎஸ்பி சாக்கெட்டைச் சுற்றி ஈயம் மேடு மேடாக இருந்தது, பக்கத்தில் பழுப்பாகக் கறை. யாரோ கையால் பற்று வைத்த வேலை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். இந்த வகைக் கருவியில் நல்லது இருக்கிறது. டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால், குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வரக் காத்திராமல் அப்படியே ஹெட்போனில் கேட்கும்; வாசிக்கிறவருக்கு அது பெரிய நிம்மதி. என்னிடமுள்ள பழைய எஸ்எம் 58 டைனமிக் மைக்கை மாட்டினால் ஃபான்டம் பவர் தேவையே இல்லை, குரலும் உடையவில்லை. ஆனால் டைனமிக் மைக் தருகிற சிக்னல் மிகச் சின்னது. என்னைப்போல் தணிந்த குரலில் வாசிக்கிறவர்கள் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் திருகை) ஏறக்குறைய கடைசிவரை திருக வேண்டியிருக்கிறது, அங்கே இரைச்சல் எழுகிறது. விலை குறைந்த இன்டர்ஃபேஸ் பலவற்றிலும் இந்தக் குறை உண்டு, இதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பழையதைப் புதிது என்று விற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போனில் கடைக்காரரிடம் கேட்டபோது, "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், சீட்டிலேயே எழுதியிருக்கு" என்றார். அப்படி எழுதிவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். யூபிஐ ரசீது, கம்பெனியின் மின்னஞ்சல், மல்டிமீட்டர் படம் மூன்றும் கையில் இருக்கின்றன. ஒத்து வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, அங்கே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோங்கள். பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, போனிலேயே சீரியல் நம்பரைப் பதிந்து பாருங்கள். கெயினை முழுக்கத் திருகி, பேசாமல் ஒரு நிமிடம் ஹெட்போனில் கேளுங்கள். அப்புறம் கெயினைக் குறைத்துவிட்டு வாய்விட்டுக் கத்துங்கள், கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் மூன்று பாடம் பாக்கி. இப்போதைக்கு எஸ்எம் 58-ஐ வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கிறேன்.