மாடியா, கொல்லையா?

மறதி நோய் கண்ட மாமியாருக்குத் தோட்டம் போடச் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டே இடங்கள்தான்: மொட்டை மாடி, கொல்லை. மாடியில் தொட்டிகளை இடுப்புயரத்தில் வைக்கலாம்; குனிய வேண்டாம். ஆனால் படிக்கட்டு இருக்கிறதே! வேலூரின் மே மாத வெயிலில் தரையும் கொதிக்கும்.

கொல்லையில் வேப்பமர நிழல் உண்டு. பாதையை வட்டமாகப் போட்டோம். எந்தப் பக்கம் நடந்தாலும் பின்வாசலுக்கே வந்து சேரலாம். வழி முடிந்து முட்டி நிற்கும் பாதைதான் மறதி நோய் கண்டவர்களைக் கலங்கவைக்கும். பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகத் தோன்றும், கறுப்புக் கல் குழியாகத் தோன்றும், இரண்டையும் தவிர்த்தோம். அழகான அரளியைப் பிடுங்கினோம். விஷம், இலையை வாயில் போட்டுவிட்டால்?

இரண்டடி மேடையில் மரிக்கொழுந்து வைத்தோம். பேரன் பெயர் மறந்தவர், அதைக் கிள்ளி முகர்ந்ததும், “பூவோடு சேர்த்துக் கட்டும்மா” என்கிறார்.