ஆலய வளவில் கோபுரம்: ஒரு கையடக்கத் தொலைபேசி நிறுவனத்தின் சேவை பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எங்கள் பகுதியில், கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் வளவுக்குள் தொடர்பாடல் கோபுரம் அமைப்பதற்கு ஒரு கையடக்கத் தொலைபேசி நிறுவனம் கேட்டிருக்கிறது. அயலவர்களில் பெரும்பாலானோர் அதை எதிர்க்கிறோம். நான் அந்த நிறுவனத்தின் நீண்டகால வாடிக்கையாளன். ஆலயத்தின் பின்மதிலை ஒட்டிய ஒழுங்கையில் குடியிருப்பவனும்கூட. ஆகவே அழைப்புத் தரத்தையும் இணைய வேகத்தையும் மட்டுமன்றி, கோபுரத்துக்கு இடம் தேடி வரும்போது அயலவரை அந்த நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பதையும் அதன் சேவையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே கோரிக்கையோடு வேறு பங்குகளுக்கும் (கத்தோலிக்க ஆலயச் சமூகங்களுக்கும்) கோயில் பரிபாலன சபைகளுக்கும் அவர்கள் போகக்கூடும். அங்குள்ளவர்களுக்கு இது உதவ வேண்டும்.

முதலில் சிக்னல். பிரதான வீதியிலும் கடற்கரையிலும் குறை சொல்ல இடமில்லை. வீட்டுக்குள் வந்தால் குரல் துண்டுதுண்டாக உடைகிறது. படலையடியில் போய் நின்று கதைப்பது எங்கள் ஒழுங்கையில் வழக்கமாகிவிட்டது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காக வெயிலில் மதிலோரம் குந்தியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு, இந்தக் கரையில் வாழும் எவருக்கும் தொலைபேசி வேலை செய்ய வேண்டும் என்பது வெறும் வசதிக்கான கோரிக்கை அன்று. எனவே கோபுரமே வேண்டாம் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்கு ஒன்று தேவை. அது எங்கே, எந்த நிபந்தனையோடு, யாரைக் கேட்டு வருகிறது என்பதில்தான் என் முறைப்பாடு முழுவதும் இருக்கிறது.

ஆலய வளவில் சிவப்பு மை பூசிய மரக்கட்டைகள் அறையப்பட்டிருப்பதைக் கண்ட பிறகுதான் இப்படியொரு திட்டம் இருப்பதே அயலவருக்குத் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, பாலர் பாடசாலைப் பிள்ளைகள் காலையில் வரிசையாக நின்று தேவாரமும் செபமும் சொல்லும் இடத்திலிருந்து நாலைந்து எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது. அறிவித்தல் ஒட்டப்படவில்லை, வீடுகளுக்குக் கடிதம் வரவில்லை, திருப்பலி முடிவில் பங்கு அறிவித்தல்களோடு சேர்த்தும் வாசிக்கப்படவில்லை. ஆட்சேபனை எழுந்த பின்னரே நிறுவனம் ஒரு கூட்டத்துக்கு ஆளனுப்பியது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறுவனத்தின் பெறுமதி அங்கேதான் வெளிப்பட்டது. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்ட தாய்மாருக்கு, “ஒரு ஆபத்தும் இல்லை” என்ற ஒரு வரிதான் பதிலாகக் கிடைத்தது. உண்மையில் அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய விடயங்கள் நிறைய உண்டு. அன்ரனாவிலிருந்து அலைகள் பெரும்பாலும் கிடையாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து வெளியேறுவதால், கோபுரத்துக்கு நேர் கீழே நிற்பவர் மீது ஒப்பீட்டளவில் குறைவாகவே படும். தூரம் இரட்டிப்பானால் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். சிக்னல் பலவீனமான இடத்தில் காதோடு ஒட்டி வைத்திருக்கும் கைபேசியே கூடுதல் வலுவோடு அலைபரப்பும். அயனாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2020இல் புதுப்பித்த வழிகாட்டலின்படி, பொதுமக்கள் மீது படக்கூடிய அலைச்செறிவின் எல்லை 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சதுர மீற்றருக்கு 4.5 வாற், 1800 மெகாஹேர்ட்ஸில் 9 வாற். மறுபுறம், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இவ்வகை அலைகளைப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று கருதத்தக்க 2பி பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவின் பொருள் சான்று மட்டுப்பட்டது என்பதே அன்றி, ஆபத்து நிரூபிக்கப்பட்டது என்பதன்று. இவ்வளவையும் தெளிவாகச் சொல்லி, கோபுரம் இயங்கத் தொடங்கிய பின் பாலர் பாடசாலை வாசலில் அளவெடுத்து முடிவைத் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்திருந்தால் பாதிப் பயம் அன்றே தணிந்திருக்கும். கதிர்வீச்சு எங்கள் தரப்பின் மிகப் பலமான வாதம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு தாயின் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்வது சேவை வழங்குநரின் கடமை.

அடுத்து எழுந்து கேட்டவர் எங்கள் ஒழுங்கையின் மூத்த அம்மா ஒருவர். “இது விழுந்தா எந்தப் பக்கம் மனே விழும்?” என்று கேட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியில் கூரை பறந்து, தென்னைகள் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். வந்திருந்த பிரதிநிதி சிரித்தபடி “விழாதம்மா” என்றார். எந்த வேகக் காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, இந்த மணற்பாங்கான நிலத்தில் அத்திவாரம் எவ்வளவு ஆழம், உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காதிருக்க எத்தனை ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பார்கள், மின்னலை நிலத்துக்குள் இறக்கும் இடிதாங்கிக் கம்பி எங்கே போகிறது என்பவற்றுள் ஒன்றுக்கேனும் தாள் காட்டப்படவில்லை. கோபுரத்தின் உயரத்தைவிடக் குறைந்த தூரத்துக்குள் பாலர் பாடசாலையும் பல வீடுகளும் இருக்கும்போது அந்த அம்மாவின் கேள்விதான் கூட்டத்தின் முதன்மையான கேள்வி என்பேன்.

ஜெனரேற்றர் வைக்கக் குறித்திருக்கும் இடம் எங்கள் படுக்கையறைப் பக்கத்து மதிலோரம். மாரி காலத்தில் மின்சாரம் நின்றால் இரவு முழுவதும் அது ஓடும். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இரவுக்குப் பகலைவிடக் குறைந்த எல்லையை விதித்திருக்கின்றன என்று நினைவூட்டியபோது, அதைப் பொறியியல் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

ஒப்பந்தம்தான் என்னை அதிகம் வருத்தியது. வரைவை வாசிக்கக் கிடைத்த சிலருள் நானும் ஒருவன். அதன்படி, மற்ற நிறுவனங்களின் அன்ரனாக்களையும் அதே கோபுரத்தில் இந்த நிறுவனம் ஏற்றிக்கொள்ள ஆலயத்தைக் கேட்கத் தேவையில்லை. எந்த நேரத்திலும் வளவுக்குள் வரலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் தானாகவே நீடிக்கும். ஆனால் கைவிடப்பட்ட கோபுரத்தை யார் கழற்றி அகற்றுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. திருச்சபைச் சொத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதற்கும் அத்தொகுப்பில் தனி ஏற்பாடு உண்டு. பங்குத்தந்தை அவசரப்படாமல் வரைவை நிதிக்குழுவுக்கும் ஆயர் இல்லத்துக்கும் அனுப்பியது முறையான செயல்; அதற்கு அவருக்கு நன்றி. கூரை திருத்தப் பணம் தேவைப்படும் ஆலயத்துக்கு மாத வாடகை பெரிய உதவி என்பதை நாங்களும் அறிவோம். எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டவர்களில் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர்களும் உண்டு, அயலிலுள்ள சைவக் குடும்பங்களும் உண்டு. இதை ஆலயத்துக்கு எதிரான வேலையாகக் காட்டிப் பேசிய நிறுவனத்தின் இடைத்தரகர் எங்கள் ஊரின் ஒற்றுமைக்கு நல்லது செய்யவில்லை.

மாற்று வழி சொல்லாமலும் நாங்கள் எதிர்க்கவில்லை. பிரதான வீதியோரம் ஏற்கெனவே ஒரு கோபுரம் நிற்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளலாம், இல்லையேல் வீதியோரக் கடைத்தொகுதிகளின் மேல்மாடியில் சிறிய அன்ரனாக்களை வைக்கலாம் என்றோம். தொழினுட்ப ரீதியில் பொருந்தாது என்றார்கள். சிக்னல் எங்கே குறைகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டோம், தரவில்லை. வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்தால் மரியாதையாகப் பேசுகிறார்கள், முறைப்பாட்டு இலக்கமும் தருகிறார்கள், ஆனால் கோபுரம் பற்றிய கேள்வி எவரிடமும் போய்ச் சேர்வதில்லை. கடைசியில் உள்ளூராட்சி மன்றத்தில் உள்ள விண்ணப்பப் பிரதியைப் பெற, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். வேறு ஊரவர்கள், கட்டைகள் அறையப்படும்வரை காத்திருக்காமல், பேச்சு காதில் விழுந்தவுடனேயே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிக்னலுக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அயலவரை நடத்திய விதத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. சிக்னல் குறையும் இடங்களின் வரைபடம், காற்றைத் தாங்கும் திறன் பற்றிய பொறியியலாளர் சான்று, அகற்றும் பொறுப்பை நிறுவனமே ஏற்கும் திருத்திய ஒப்பந்தம் ஆகியவற்றைப் பங்கு மக்களும் அயலவரும் கூடியிருக்கும் இடத்தில் வாசித்துக் காட்டி, பாலர் பாடசாலையிலிருந்து தள்ளி இடத்தை மாற்றினால், இந்த மதிப்பெண்ணை நானே திருத்தி எழுதுவேன்.