4,800 ரூபாய் போச்சு: “எல்லா வண்டிக்கும் ஓடும்” என்று விற்கும் ஓபிடி ஸ்கேனர்

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, உதவாத ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது. செக் எஞ்சின் லைட்டை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்கேனர் தேடுகிறவர்கள், முக்கியமாகப் பழைய கார் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வண்டி 2011 மாடல் பெட்ரோல். அதன் கம்ப்யூட்டர் ஸ்கேனரோடு பேசுவது புது வண்டிகளில் வரும் கேன் பஸ்ஸில் இல்லை, பழைய ஒற்றைக் கம்பி முறையான கே-லைனில்தான். ஸ்கேனர் சொருகும் 16 பின் சாக்கெட்டில் அது 7-ஆம் பின். கடைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லியாயிற்று. “சார், ஒரிஜினல் ஈஎல்எம்327 சிப்பு, வெர்ஷன் 1.5. கே-லைன், கேன் எல்லாம் எடுக்கும். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். (ஈஎல்எம்327 என்பது இந்த மாதிரி ஸ்கேனருக்குள் இருக்கும் சிப்.) அதோடு விடவில்லை. வாசலில் நின்ற தன் புது வண்டியில் சொருகி, போனில் ஆப்பைத் திறந்து, ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் ஓடுவதைக் காட்டினார். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திரையில் முள் ஏறி இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த இடத்தில்தான் 4,800 ரூபாய் கைமாறியது. மோசடியும் அங்கேதான். அவருடையது கேன் வண்டி. அதற்கு டேட்டா போக 6, 14 பின்கள் போதும். 7-ஆம் பின் வேலை செய்கிறதா என்பது அந்த டெமோவில் தெரியவே தெரியாது.

வீட்டில் சொருகினால் விளக்கு எரிகிறது, 1234 போட்டால் ப்ளூடூத் சேருகிறது, ஆப்பில் மட்டும் “பஸ் இனிட் எரர்”, அதாவது வண்டியோடு தொடர்பே தொடங்கவில்லை. விளக்கு எரிவதற்கு 16-ஆம் பின்னில் 12 வோல்ட் இருந்தாலே போதும், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பேசத் தேவையில்லை. வண்டிப் பக்கம் கோளாறா என்று பார்க்க, மல்டிமீட்டரில் 16-க்கும் 4-க்கும் இடையே, பிறகு 16-க்கும் 5-க்கும் இடையே அளந்தேன்: இரண்டிலும் 12.4 வோல்ட். (இங்கே ஒன்றும் வராவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.) இக்னிஷனை ஆனில் வைத்து, ஆப்பில் ஆட்டோவை விட்டுவிட்டு ஐஎஸ்ஓ 9141, கேடபிள்யூபி 5 பாட், கேடபிள்யூபி ஃபாஸ்ட் என்று கே-லைன் ப்ரோட்டோகால் மூன்றையும் தனித்தனியாகப் போட்டாலும் அதே எரர். எங்கள் தெரு மெக்கானிக்கின் ஸ்கேனர் அதே சாக்கெட்டில் சொருகிய உடனே பி0135 என்று கோடு (கோளாறு எண்) எடுத்தது. ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட். ஆக, வண்டியில் சாக்கெட் சரி, ஈசியு சரி.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 7-ஆம் பின்னின் கால் போர்டில் சால்டர் ஆகியிருக்கிறது, ஆனால் அங்கிருந்து ஒரு தடம்கூடப் போகவில்லை. கே-லைனை 12 வோல்டுக்கு இழுத்துப் பிடிக்க 510 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், மேலே 511 என்று அச்சிட்டிருக்கும். கூடவே லைனைக் கீழே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. ‘ஒரிஜினல் 1.5’ என்பதும் சுத்தப் பொய். ஈஎல்எம்327 செய்த கனடா கம்பெனி 1.5 என்று ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. அந்தக் கம்பெனியே 2022-ல் மூடியாயிற்று. இதே மாதிரி போர்டு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதற்கு 4,800 ரூபாய்!

திருப்பிக் கேட்டபோது முதலில் “ஆப்பை மாத்திப் பாருங்க சார்”. பிறகு “உங்க போன் பழசு”. பிறகு “உங்க வண்டியில ஓபிடியே கிடையாது சார்”. மெக்கானிக் ஸ்கேனர் எடுத்த கோடைப் படமெடுத்து அனுப்பினேன். “டெக்னிகல் ஆளு கூப்பிடுவாரு” என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் “டப்பா பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்” என்று சொல்லி நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். பில்லில் “ஆக்சஸரீஸ் – 4,800” என்று மட்டும்தான் இருக்கிறது, மாடல் பெயர்கூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

உங்கள் வண்டியில் சொருகி கோடு வந்த பிறகே பணம் கொடுங்கள், கடைக்காரர் வண்டியில் காட்டினால் ஏற்காதீர்கள். வண்டி அருகில் இல்லையென்றால் ஸ்கேனரின் 16-க்கு 12 வோல்ட், 4-க்கும் 5-க்கும் கிரவுண்ட் கொடுத்து 7-ஐ அளக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 12 வோல்ட் வரவேண்டும், வராவிட்டால் கே-லைன் இல்லை. “ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் படிக்கும்” என்றாலும் நம்பாதீர்கள், பொது ஓபிடி எஞ்சின் பக்கத்தை மட்டும்தான் காட்டும். சோதித்துக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் கோடை அழிக்க விடாதீர்கள்; ஃப்ரீஸ் ஃப்ரேமும் (கோளாறு வந்த நேரத்து எஞ்சின் அளவுகளின் பதிவு) சேர்ந்து போய்விடும். பில்லில் மாடலும் “கே-லைன் உண்டு” என்பதும் எழுதி வாங்குங்கள்.