டைம்ஷேர் உறுப்பினர் திட்டம்: அறை நன்று, ஒப்பந்தம் மோசம் (5-க்கு 2)

அக்காவும் அத்தானும் ஒரு டைம்ஷேர் திட்டத்தில் நீண்டகால உறுப்பினர்கள். டைம்ஷேர் என்றால், பணம் கட்டிச் சேர்ந்து, வருஷா வருஷம் சில நாள் விடுமுறை விடுதியில் தங்கும் உரிமையைப் பெறுவது. அவர்களுக்கு அறை பதிவு செய்வது, கட்டணம் கட்டுவது, கஸ்டமர் கேரில் பேசுவது எல்லாம் நான்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறைகள் விசாலமாக, சுத்தமாக இருக்கின்றன. சமையலறையும் இருப்பதால் குழந்தைகளோடு தங்க வசதி.

ஆனால் அந்த அறை கிடைக்க வேண்டுமே! சேரும்போது "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்றார்கள். ஒப்பந்தத்தில் இருப்பதோ "இடம் இருந்தால் மட்டும்". கூட்டத்தைப் பொறுத்து வருஷத்தை நிறப் பெயர் வைத்த சீசன்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அவரவர் வாங்கிய சீசனைப் பொறுத்துத்தான் பதிவு. இவர்களுடையது கூட்டம் குறைந்த வெள்ளை சீசன். பள்ளி விடுமுறை முழுக்கக் கூட்டம் அதிகமான சிவப்பு சீசனில் வருகிறது. பிள்ளைகளுக்கு லீவு விடும்போது இவர்களால் பதிவு செய்ய முடியாது. கேட்டால், கூடுதல் பணம் கட்டி சீசனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அடுத்தது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். போகாத வருஷத்துக்கும் கட்டியாக வேண்டும். பாக்கி வைத்தால் பதிவு செய்ய விடமாட்டார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, எவ்வளவு வரை ஏற்றலாம் என்று ஒப்பந்தத்தில் வரம்பே இல்லை. சேருவதற்கு முன் கணக்குப் போடுகிறவர்கள் சேர்க்கைத் தொகையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த ஒப்பந்தத்தில் எழுதப்படாத எந்த வாய்மொழி உறுதியும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. இலவசப் பரிசு என்று கூப்பிட்டு உட்காரவைத்து, மணிக்கணக்கில் பேசியது அத்தனையும் அந்த ஒரு வரியில் செல்லாமல் போகிறது. அதனால் விற்பனையாளர் சொல்வதை எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று இன்றே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி 14 நாள், அதற்குள் முன்பணம் வாங்கவும் தடை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள். இது நாட்டுக்கு நாடு மாறும். ரத்துக் கடிதத்தை எழுத்தில், அனுப்பியதற்கு அத்தாட்சியோடு அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது.

அப்புறம், பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று நம்பி வாங்காதீர்கள். வாங்க ஆள் கிடைப்பது அரிது. அந்தத் தவிப்பை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. அத்தானுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் தயாராம், வரியை மட்டும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். விற்கும் விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று அத்தான் சொன்னதும் லைனைத் துண்டித்துவிட்டார்கள். இப்படி முன்பணம் கேட்கிற யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.