63.5 சென்டிமீட்டர் தலைக்கு ஒரு ஹெல்மெட்: மூன்று வருட அனுபவம்

என் தலையின் சுற்றளவு 63.5 சென்டிமீட்டர். புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்தது. இந்த எண் தெரியாமலே ஆறு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

2015 ஜூலையில் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் ஆனபோது அவசரமாக ஓர் எக்ஸ்எல் வாங்கினேன். "போடப் போடத் தளர்ந்துடும் சார்" என்றார் கடைக்காரர். கன்னத்துப் பஞ்சு தளர்ந்தது உண்மைதான். ஆனால் நெற்றியை அழுத்தியது பஞ்சு இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல். அது தளராது. தாம்பரத்தில் கிளம்பினால் கிண்டி வருவதற்குள் நெற்றியில் சிவப்புக் கோடு விழும், தலைவலி தொடங்கிவிடும். சிக்னலில் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொள்வேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

நண்பர் ஒருவர் தெர்மாகோலைக் கொஞ்சம் சுரண்டச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழும்போது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அடியை வாங்கிக்கொள்வது அதுதான்.

2021 கடைசியில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்தேன். ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் 60, இன்னொன்றின் எக்ஸ்எல் 62. அதனால் எழுத்தைக் கேட்காமல் சென்டிமீட்டரைக் கேளுங்கள். 64 என்று போட்ட ஒன்று கிடைத்தது. ஆனால் வெளி ஓடு பெரிதாக இல்லை, அதே ஓட்டுக்குள் பஞ்சை மெலிதாக்கியிருந்தார்கள். தலையின் வடிவமும் முக்கியம். என்னுடையது முன்பின்னாக நீளம். உருண்டைத் தலைக்கான ஹெல்மெட் பெரிய அளவிலும் எனக்கு நெற்றியில் இடிக்கும், காதோரம் தொளதொளவென்று இருக்கும். கொரியாவின் எச்ஜேசி கம்பெனி சிஎல்-17 என்ற ஹெல்மெட்டை 5எக்ஸ்எல் வரை விற்றது. வெளிநாட்டிலிருந்து அப்படி ஒன்றைத் தருவிக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் 2021 ஜூன் முதல் இங்கே ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியில் பெரிய ஓட்டில் செய்த, முகம் முழுக்க மூடும் ஐஎஸ்ஐ ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட் ஒன்று அமைந்தது. கடையிலேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு நின்றேன். வாரை மாட்டிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தேன், கழன்று வரவில்லை. தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைந்தது. நெற்றியில் எந்த இடத்திலும் குத்தவில்லை.

மூன்று வருடத்தில் தலைவலி ஒருநாளும் இல்லை. திண்டிவனம் வரை நிறுத்தாமல் போயிருக்கிறேன். குறை என்றால் எடைதான். வீட்டுத் தராசில் 1.6 கிலோ, முதல் மாதம் கழுத்து வலித்தது. வைசர் கீறல் விழுந்து இருமுறை மாற்றினேன். உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிவது சென்னை வியர்வைக்குப் பெரிய வரம். கன்னத்துப் பஞ்சு இரண்டாம் வருடம் அமுங்கி ஹெல்மெட் லேசாக ஆடத் தொடங்கியது. அதே மாடலின் தடித்த பஞ்சு வாங்கிப் போட்டதும் பழைய பிடிப்பு வந்துவிட்டது.