பச்சை ராட்சசனா, சேற்று மனிதனா?

காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, தம்பி முறையாகும் பையன் கேட்டான்: "அண்ணே, நிஜமாவே பயம் வர்ற மாதிரி ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணுதான் வாங்க முடியும்."

எனக்குள் இரண்டு முட்டிக்கொண்டன. அல் யூயிங் எழுதி ஜோ பென்னட் வரைந்த 'இம்மார்ட்டல் ஹல்க்' ஒன்று. ஆலன் மூர் எழுதிய 'ஸ்வாம்ப் திங்', அதாவது சேற்று மனிதன் கதை, இன்னொன்று.

ஹல்க் என்றால் பச்சை உடம்பு, கோபம், கிழிந்த கால்சட்டை என்றுதானே நமக்குத் தெரியும்? 1962-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். பொழுது சாய்ந்தால் பேனர் என்ற விஞ்ஞானி ஹல்க்காக மாறுவார், விடிந்தால் மறுபடி பேனராகிவிடுவார். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக விழவில்லை, அதனால் இரண்டாம் இதழிலேயே பச்சை பூசிவிட்டார்கள். 2018-ல் யூயிங் தொலைந்துபோன அந்த ராத்திரியைத்தான் மீட்டெடுத்தார். பகலில் பேனரைச் சுட்டுக் கொன்றாலும், இருட்டியதும் ஹல்க் எழுந்து வருவான். சுட்டவனைத் தேடியும் வருவான்.

வடாற்காட்டில் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரிய அகராதி வேண்டாம். ராத்திரியெல்லாம் துரியோதனனாக உறுமியவர், காலையில் காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்க டீக்கடையில் நின்று பன் கேட்பார். சின்ன வயதில் அவரைப் பகலில் பார்க்கத்தான் எனக்கு அதிகப் பயம்.

ஸ்வாம்ப் திங் சங்கதி வேறு. 1971-ல் லென் வீனும் பெர்னி ரைட்சனும் உருவாக்கியபோதே அது பேய்க்கதை. ஆகவே 1984-ல் மூர் வேருக்குத் திரும்பினார் என்பதைவிட, வேரையே பிடுங்கிப் பார்த்தார் என்பதுதான் சரி.

இரண்டிலும் உடம்பை அறுத்துப் பார்க்கும் கட்டம் உண்டு. அங்கேதான் உண்மையான போட்டி. மூரின் 21-ஆம் இதழில், செத்துக் கிடக்கும் சேற்று மனிதனை ஒரு விஞ்ஞானி திறக்கிறார். உள்ளே நுரையீரல் மாதிரி ஒன்று, ஆனால் மூச்சு விடாது. எல்லாம் செடி. தன்னை அலெக் ஹாலண்ட் என்ற மனிதனாக நினைத்துக்கொண்ட செடி! யூயிங்கின் 8-ஆம் இதழிலோ ஹல்க்கைத் துண்டு துண்டாக்கிக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைக்கிறார்கள். அவன் சாகவில்லை. அதற்கப்புறம் நடப்பதை இங்கே சொன்னால் பையன் என்னை மன்னிக்க மாட்டான்.

எங்கள் வேலூர் ஆஸ்பத்திரி ஊர். எங்கெங்கிருந்தோ வந்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவர் சொல்லக் காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். மூரின் கதையைப் படித்ததும் அந்த வரிசைதான் கண்ணில் வந்தது. யூயிங் வயிற்றைப் புரட்டுகிறார். மூரோ, படித்து நாலு நாள் கழித்துக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வந்து பிடிக்கிறார்.

அப்படியானால் மூர்தானே? எனக்கு அப்படித்தான். ஆனால் கேட்டவன் பதினெட்டு வயது, இரும்புக்கை மாயாவியைத் தமிழில் படித்துப் பழகியவன். மூரின் ஆங்கிலம் வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று மூச்சு வாங்க வைக்கும். யூயிங்கின் வசனம் எளிது, கதை ஓடும். 50 இதழும் 2021-லேயே முடிந்துவிட்டதால் பாதியில் தொங்கவிடும் தொல்லையும் இல்லை. பிற்பகுதியில் ஆட்கள் அதிகமாகிக் கொஞ்சம் நெரிசல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எனவே ஹல்க் என்றேன். பத்துத் தொகுதிகளில் முதல் இரண்டை மட்டும் இப்போது வாங்கச் சொன்னேன். "ஒண்ணுன்னுதானே கேட்டேன்?" என்றான். ஜாடிகள் இரண்டாவதில் இருக்கின்றன, நான் என்ன செய்ய? ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன்: அதைச் சாப்பிட்டுக்கொண்டே பிரிக்காதே.