கேட்டமரானா, மோனோஹல்லா: லங்காவி–புக்கெட் கடலில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் இடையே பல வருடங்கள் நண்பர் ஒருவரின் 40 அடி மோனோஹல்லில், அதாவது ஒற்றை உடல் பாய்மரப் படகில், சுற்றினேன். பிறகு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து 42 அடி கேட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். எது நல்லது என்று கேட்டால், குடும்பத்தோடு ஊர் சுற்றக் கேட்டமரான், பந்தயத்துக்கு மோனோஹல் என்பேன். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு, ஓட்டிப் பார்த்தால் தெரியும் காரணங்கள் வேறு.

வீட்டில் கேட்டமரானுக்குத்தான் ஓட்டு. மோனோஹல்லில் படகு சாயச் சாய ஆடிச் சமனாகும்படி அடுப்பை மாட்டியிருப்பார்கள். சமைப்பவர் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டமரானில் பாய் விரித்து ஓடும்போதே வெங்காயம் நறுக்கலாம். நங்கூரம் போட்ட இடத்தில் சுற்றுலாப் படகுகள் கிளப்பும் அலைக்கு மோனோஹல் இரவு வரை உருண்டுகொண்டிருக்கும். கேட்டமரான் லேசாகக் குலுங்கிவிட்டு அடங்கிவிடும். புக்கெட்டை ஒட்டிய ஃபாங் நா விரிகுடாவின் வடபகுதியில் ஆழம் குறைவு. நண்பரின் படகுக்கு 2 மீட்டர் தண்ணீராவது வேண்டும். எங்களுடையதற்கு 1.3 மீட்டர் போதும் என்பதால் கரைக்குக் கிட்டப் போய் நிற்க முடிகிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் எதிர்காற்றில் ஓட்டும்போது கேட்டமரானின் இரண்டு உடல்களுக்கும் நடுவே உள்ள தளத்தை அலை கீழிருந்து அடிக்கும். உலக்கையால் தரையை இடிப்பது போன்ற சத்தம். அலமாரியில் தம்ளர்கள் துள்ளும், தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வேகம் அதிகம் என்கிறார்களே, அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோனோஹல் காற்றுக்கு 45 பாகையில் 6 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போனால், நேர் எதிர்த்திசையில் முன்னேறுவது சுமார் 4.2 நாட். எங்கள் கேட்டமரான் 7 நாட் போனாலும் 55 பாகைக்குள் நெருங்காது. முன்னேற்றம் 4 நாட்தான். அதற்கு மேல் பக்கவாட்டில் நழுவுவது வேறு. காற்றைக் கடந்து திரும்பும்போது கனம் குறைந்த படகாதலால் வேகம் சட்டென்று விழுந்துவிடும்; முன்பாயைச் சற்று நேரம் எதிர்ப்பக்கமே பிடித்து வைத்தால்தான் மூக்கு திரும்பும். பக்கக்காற்று கிடைத்துவிட்டால் கதையே வேறு, மோனோஹல்லால் தொடமுடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது பாய் சுருக்கும் விஷயம், அதாவது காற்று கூடும்போது பாயின் பரப்பைக் குறைப்பது. மோனோஹல் சொல்லிவிடும். காற்று கூடினால் சாய்கிறது, சுக்கான் கனக்கிறது, பாயிலிருந்து காற்று தானாகவே வழிகிறது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் உடம்புக்குத் தெரியும். கேட்டமரான் எதுவும் சொல்லாது. அகலம் ஏழரை மீட்டருக்கு மேல் இருப்பதால் நிமிர்ந்தே நிற்கும். சுமை முழுவதும் பாய்மரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கும் போகும். அதனால் எங்கள் படகில் எண்தான் சட்டம்: காற்றுமானி 18 நாட் காட்டினால் முதல் சுருக்கு, 24-இல் இரண்டாவது. இரவில் அதற்கும் முன்னாலேயே. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்தின்போது விடியற்காலையில் ‘சுமத்ரா’ எனும் புயல்வரிசை வரும். சில நிமிடங்களில் காற்று 30, 40 நாட்டுக்குத் தாவும். மோனோஹல் படுத்துவிட்டாலும் அடியில் இருக்கும் கனமான கீலின் எடை அதைத் திரும்ப நிமிர்த்தும். கேட்டமரான் கவிழ்ந்தால் நிமிராது. ஆனால் பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும், அது ஒரு ஆறுதல்.

பந்தயம் என்று வந்தால் வேகம் மட்டும் பார்ப்பவருக்கு ரேஸிங் கேட்டமரான்தான். இது புதிய சண்டையும் அல்ல. 1876-இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெரஷாஃப் தன் ‘அமரில்லிஸ்’ கேட்டமரானால் நியூயார்க்கில் எல்லோரையும் முந்தியபோது, அந்த வகையையே போட்டியிலிருந்து ஒதுக்கினார்கள். 1988-இல் அமெரிக்காஸ் கோப்பை என்ற புகழ்பெற்ற பாய்மரப் படகுப் போட்டியில் கேட்டமரான் ஒன்று பெரிய மோனோஹல்லை 2–0 என்று வென்றது. 2013-இல் கோப்பையே கேட்டமரான்களுக்கு மாறியது. 2021-இல் நீருக்கு மேல் எழும்பிப் பறக்கும் மோனோஹல்கள் வந்துவிட்டன. நாங்கள் ஓட்டுவது இந்த ரகம் இல்லை. வசிக்கக் கட்டிய கேட்டமரானில் தண்ணீர்த் தொட்டியும் ஃபிரிட்ஜும் ஏற்றிப் பந்தயத்துக்குப் போனால் இலேசான காற்றில் நகரவே யோசிக்கும். மோனோஹல்லில் ஒரு விரற்கடை பாய் இழுத்தாலும் பலன் உடனே தெரிகிறது. டிசம்பரில் புக்கெட்டில் நடக்கும் கிங்ஸ் கப் பந்தயங்களைப் பார்க்கவே போவேன். அங்கே இரண்டு வகைக்கும் பிரிவுகள் உண்டு. எனக்குப் பிடித்தது மோனோஹல்களின் தொடக்கக்கோட்டு நெரிசல்தான்.

செலவைப் பற்றி ஒரே வரி: என்ஜின் இரண்டு என்றால் ஆயில், ஃபில்டர், இம்பெல்லர் (குளிர்விக்கும் நீர் பம்பின் சுழலி) எல்லாம் இரண்டு, பல மெரினாக்களில் (படகு நிறுத்துமிடங்களில்) கட்டணமும் ஒன்றரை மடங்கு. பதிலுக்கு, அந்த இரண்டு என்ஜின்கள் இருப்பதால் குறுகிய இடத்தில் நின்ற இடத்திலேயே படகைத் திருப்பிவிடலாம். ஆனால் பக்கவாட்டுக் காற்று அடித்தால் அந்த உயரமான உடம்பை அது தள்ளும் தள்ளலுக்கு முன்கூட்டியே கயிறு தயாராக இருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நல்ல வெயிலில் அல்ல. எதிர்காற்று 20 நாட் அடிக்கும் நாளில், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு.